சுவரும் சப்பாத்தும்

கருவடிக்குப்பத்துக்கு மூன்று காரணங்களுக்காகப் போவார்கள் புதுவை மக்கள். சித்தானந்த சாமியின் சமாதிக் கோயிலைக் கும்பிடப் போவார்கள். பாரதி உட்கார்ந்து பாட்டெழுதிய குயில் தோப்பைப் பார்க்கப் போவார்கள். மூன்றாவது காரணம் எல்லோருக்கும் ஒருநாள் வரும். அன்று நாமாகப் போவதில்லை, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். கோயிலும் கவிதையும் சுடுகாடும் ஒரே இடத்தில்!

அந்தத் தோப்பு முத்தியாலுப்பேட்டை கிருஷ்ணசாமிச் செட்டியாருக்குச் சொந்தமானது. 1908-ஆம் ஆண்டு ஆங்கில அரசின் கைவிலங்குக்குத் தப்பி வந்த பாரதி, 1918 வரை பத்தாண்டுகள் புதுவையில் இருந்தார். எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயனின் போலீஸ். புதுவைக்குள்ளே ஆங்கிலேயனின் ஒற்றர்கள். ஆனாலும் கவிஞர் தோப்பில் உட்கார்ந்து குயிலின் கூவலைக் கேட்க முடிந்தது. ஏன்? கொடி வேறு. பறந்தது மூவண்ணப் பிரெஞ்சுக் கொடி.

இதை வைத்துக்கொண்டு சிலர் ஒரு கதை கட்டுவார்கள். "பிரெஞ்சுக்காரன் நல்லவன். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சரக்கையும் மூட்டை மூட்டையாகக் கட்டிக் கப்பலில் கொண்டுவந்து கடற்கரையில் இறக்கினான். நம் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள்" என்பார்கள். கேட்க இனிக்கும் கதைதான். ஆனால் தோழர்களே, பலகையில் எழுதி மாட்டிய சமத்துவம் வேறு; மனிதன் வாசற்படி தாண்டி உள்ளே போய்ப் பெறும் சமத்துவம் வேறு. புதுவையில் மாறுதல் எப்படி வந்தது என்று பார்த்தால், ஒவ்வொரு முறையும் எவனோ ஒருவன், எவளோ ஒருத்தி, கூடாது என்று சொன்ன இடத்தில் காலை வைத்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் சட்டம் வந்திருக்கிறது. அதுவும் நொண்டி நொண்டி!

புதுவைக் கதைக்குப் போகுமுன் கடல் கடந்து இன்னொரு நாட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வருவோம். ஏனென்றால், துய்ப்ளேக்சு புதுவையை ஆண்ட அதே காலத்தில், அமெரிக்காவிலே ஆங்கிலேயனுக்கு அடங்கிய குடியேற்றங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அரசியல் கொதிப்பு பிறகுதான் வந்தது. முதலில் கொதித்தது மதம்.

ஜார்ஜ் ஒயிட்பீல்டு என்றொரு பாதிரி 1739-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து அங்கே போனார். மாதா கோயில் கதவைச் சாத்தினார்கள் சில இடங்களில். அவர் வெட்டவெளியில் நின்று பேசினார். ஒலிபெருக்கி இல்லாத காலம்! பிலடெல்பியா நகரத் தெருவில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது, பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற அச்சகத்துக்காரர் கூட்டத்தின் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து போய், குரல் எதுவரை கேட்கிறது என்று அளந்து, அந்தத் தூரத்துக்குள் ஆளுக்கு இத்தனை அடி என்று கணக்குப் போட்டு, முப்பதாயிரம் பேருக்கு மேல் கேட்க முடியும் என்று கண்டார். நம் கூட்டங்களில் தலை எண்ணும் தோழர்கள் இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளலாம். மிகைப்படுத்தும் பழக்கம் குறையும்! பிராங்க்ளினுக்கு அந்தப் பாதிரியின் மதத்தில் பெரிய பற்று இல்லை. ஆனால் அவருடைய பேச்சுகளை அச்சிட்டு விற்றார். இருவருக்கும் ஆதாயம்.

இந்த அலைக்குப் "பெரும் விழிப்பு" என்று வரலாற்றாசிரியர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். படித்த பாதிரி சொன்னால்தான் கடவுள் கேட்பார் என்பது போய், செருப்புத் தைக்கிறவனும் உழுகிறவனும் அடிமையும்கூட நேரே பேசலாம் என்ற எண்ணம் பரவியது. கடவுளிடம் நேரே பேசலாம் என்று ஒருமுறை தெரிந்துகொண்டவன், கவர்னரிடம் நேரே பேசத் தயங்குவானா? 1776-ஆம் ஆண்டு வந்த விடுதலைப் பிரகடனத்துக்குப் போன பாதைகளில் இது ஒன்று.

ஆனால் முழுக் கதையையும் கேளுங்கள். ஒயிட்பீல்டு அடிமைகளின் ஆன்மாவுக்காக உருகியவர். அவரேதான் ஜார்ஜியா குடியேற்றத்தில் அடிமை முறை சட்டப்படி வரவேண்டும் என்று வாதாடினார். 1751-இல் வந்தது. அவர் நடத்திய அனாதை விடுதிக்கு அடிமைகள் உழைத்தார்கள். ஆன்மாவுக்கு விடுதலை, உடலுக்கு விலங்கு! அவர் 1770-இல் இறந்தபோது இரங்கற்பா எழுதிப் புகழ் பெற்றவள் யார் தெரியுமா? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு, பாஸ்டன் நகரில் விற்கப்பட்ட பிலிஸ் வீட்லி என்ற அடிமைப் பெண். 1773-இல் அவளுடைய கவிதை நூல் லண்டனில் வெளிவந்தது. அந்த நூலின் முன்பக்கத்தில் ஒரு சான்றிதழ்: பாஸ்டன் நகரத்துப் பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டு, இந்தக் கவிதைகளை இவள்தான் எழுதினாள் என்று உறுதி சொன்னார்கள். வெள்ளைக்காரன் சான்று கொடுத்தால்தான் கறுப்புப் பெண்ணின் கவிதை கவிதை! எல்லா மனிதரும் சமம் என்று 1776-இல் எழுதிய ஜெபர்சன், தன் தோட்டத்தில் அடிமைகளை வைத்திருந்தார். அந்த அடிமை முறை ஒழிய 1865 ஆயிற்று.

சரி. இப்போது புதுவைக்குத் திரும்புவோம்.

ஆனந்தரங்கப் பிள்ளையை அறியாதார் புதுவையில் இல்லை. 1709-இல் பிறந்தவர், துய்ப்ளேக்சின் துபாஷியாக உயர்ந்தவர், 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர். சரக்கு என்ன விலை, கப்பல் என்று வந்தது, யார் யாரிடம் கோள் சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 1745-ஆம் ஆண்டுக் குறிப்பில் ஒரு சுவரின் கதையும் இருக்கிறது.

சேசு சபையாரின் மாதா கோயிலுக்குள்ளே ஒரு சுவர். ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளையரும் சட்டைக்காரரும். ஏசு ஒருவர்தான், பலிபீடம் ஒன்றுதான். ஆனால் முட்டி போடும் இடத்துக்கு நடுவே செங்கல்! இதைக் கட்டியவன் வெள்ளைக்காரனா, நம்மவனா என்று கேட்டால், இருவரும்தான். ஆள் சேர வேண்டும் என்று சாமியார் சாதியை ஏற்றுக்கொண்டார். ஞானஸ்நானம் வாங்கினாலும் சாதியை விடமாட்டேன் என்றான் நம்மவன். தண்ணீர் தலையை நனைத்தது, உள்ளே இறங்கவில்லை.

காரைக்காலிலிருந்து வந்த சாமியார் ஒருவர் அந்தப் பறையர் கிறிஸ்தவர்களிடம் பேசினார். அவர்கள் பெரிய சாமியாரிடம் போய்க் கேட்டார்கள்: நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே, எங்களை மட்டும் ஏன் சுவருக்கு அப்பால் வைத்திருக்கிறீர்கள்? கேள்வி அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குச் சேசு சபையின் அத்தனை படிப்பிலும் பதில் இல்லை. சுவர் இடிக்கப்பட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1744-இல், ரோமாபுரியிலிருந்து போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் ஓர் ஆணை அனுப்பியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பறையரின் குடிசைக்குப் போகமாட்டேன், போனால் மற்ற சாதிக்காரன் என்னைத் தன் வீட்டில் சேர்க்கமாட்டான் என்று இருந்த பாதிரிகளுக்கு அது சாட்டையடி. ஆனால் அதிலும் ஒரு சமாதானம் செய்துகொண்டார்கள். பறையருக்கென்று தனியாகச் சில சாமியார்களை ஒதுக்கிவிடுவது! சாதியை ஒழிக்கச் சொன்னால், சாமியாரிலேயே சாதி பிரித்தார்கள். இந்த மூளை வேறு எந்த நாட்டிலும் விளையாது.

சுவர் விழுந்ததும் சாதிக் கிறிஸ்தவர்கள் சும்மா இருந்தார்களா? கொதித்தார்கள். கூட்டம் கூடினார்கள். சாமியாரோடு சண்டைக்குப் போனார்கள். கூட்டம் போட்டால் பிடித்து அடைப்பேன் என்று ஆளுநர் துய்ப்ளேக்சு மிரட்ட வேண்டியதாயிற்று. அவருக்குச் சமத்துவத்தில் அக்கறை என்று நினைத்துவிட வேண்டாம். ஆங்கிலேயனோடு போர் மூண்டிருக்கும் நேரத்தில் ஊருக்குள் கலகம் வேண்டாம் என்பதே அவர் கவலை.

சுவர் இடிந்ததே தவிர, மனத்தில் இருந்த சுவர் இடியவில்லை. அடுத்த நூற்றாண்டிலும் தமிழ்நாட்டு மாதா கோயில்களில் சாதிக்கு ஒரு பக்கம் இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊரில், 1872-இல் கட்டிய கோயிலைக் கால்சட்டை வடிவத்திலேயே கட்டினார்கள். ஒரு காலில் ஒரு சாதி, இன்னொரு காலில் இன்னொரு சாதி, பலிபீடம் இடுப்பில்! அங்கே நடுச்சுவரை இடிக்க 1910 ஆயிற்று. வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று.

1748-இல் புதுவையில் இன்னொன்றும் இடிந்தது. ஆங்கிலேயன் கோட்டையை முற்றுகையிட்டிருந்த செப்டம்பர் மாதம், அந்தப் பரபரப்பைப் பயன்படுத்திக்கொண்டு, தங்கள் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோயிலைச் சேசு சபையார் இடிக்க வைத்தார்கள். துய்ப்ளேக்சும் அவர் மனைவியும் துணை. ஆனந்தரங்கப் பிள்ளை மனம் நொந்து எழுதிவைத்திருக்கிறார். பகுத்தறிவு பேசுகிறவர்கள் இதைப் பார்த்து மகிழக்கூடாது. ஒரு மதத்தான் பீரங்கியின் துணையோடு இன்னொரு மதத்தான் கோயிலை இடிப்பது, மூட நம்பிக்கை ஒழிப்பு அல்ல, முரட்டு அதிகாரம். 1745-இல் சுவர் இடிந்ததற்கும் 1748-இல் கோயில் இடிந்ததற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. முதலாவது, உள்ளே இருந்தவன் கேட்ட கேள்வியால் விழுந்தது. இரண்டாவது, வெளியே இருந்தவன் கொடுத்த கடப்பாரையால் விழுந்தது. 1761-இல் ஆங்கிலேயன் நுழைந்து கோட்டை, மாளிகை, மாதா கோயில் எல்லாவற்றையும் சேர்த்துத் தரைமட்டமாக்கினான். கடப்பாரைக்கு மதம் கிடையாது!

நூறாண்டைத் தாண்டுவோம். பாரிசில் புரட்சி நடந்தது, மன்னன் தலை உருண்டது, பேரரசு வந்தது, போயிற்று. புதுவை ஆங்கிலேயன் கைக்கும் பிரெஞ்சுக்காரன் கைக்கும் பந்தாகி, கடைசியில் பிரெஞ்சுக்காரனிடமே நிலைத்தது. மனித உரிமைப் பிரகடனம் அச்சாகி எண்பது ஆண்டுகள் ஆன பிறகும், ஒரு தமிழன் காலில் என்ன போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் நுழையலாம் என்பது தீராத கேள்வியாக இருந்தது.

1873-ஆம் ஆண்டு. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பிய முறையில் காலுறையும் சப்பாத்தும் அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். வழக்கம் என்ன? தமிழன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு போகவேண்டும். நீதிபதி வெள்ளைக்காரர். அவர் காலில் சப்பாத்து. பக்கத்து வக்கீல் வெள்ளைக்காரர். அவர் காலிலும் சப்பாத்து. தமிழனுக்கு மட்டும் தரை சுடாதா, கல் குத்தாதா? மரியாதைக் குறைவு என்று பொன்னுத்தம்பிக்குத் தண்டனை விதித்தார்கள்.

இன்னொருவராக இருந்தால் அபராதத்தைக் கட்டிவிட்டு, சப்பாத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார். பொன்னுத்தம்பி பாரிசு உச்சநீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோனார். ஒரு சோடி சப்பாத்து ஏழு கடல் தாண்டியது! பாரிசு நீதிமன்றம் அதே ஆண்டில் தண்டனையைத் தள்ளியது. சட்டம் அப்போதும் புதிதாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இருந்த சட்டத்தைத் தமிழனுக்கும் சேர்த்துப் படிக்கவைத்தது, தண்டனைக்குப் பணியாத ஒரு வக்கீலின் பிடிவாதம்.

பொன்னுத்தம்பி அதோடு நிற்கவில்லை. சாதி வழக்கம், மத வழக்கம் என்று சொல்லி நம்மைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா? அந்த வழக்கமே வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிறோம், பிரெஞ்சுக் குடிமகனுக்கு உள்ள சிவில் சட்டத்தையே எங்களுக்கும் கொடுங்கள் என்று ஓர் இயக்கம் எழுந்தது. 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் அதற்கு ஆணை வந்தது. கையெழுத்துப் போட்டால் திரும்ப வாங்க முடியாது. போட்டவன் தனக்கும் மனைவிக்கும் வயதுவராத பிள்ளைகளுக்கும் சேர்த்துத் துறந்துவிட வேண்டும். புதிதாக ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி வைத்துக்கொண்ட பெயர் லாப்போர்த். பிரெஞ்சு மொழியில் அதற்குக் கதவு என்று பொருள். நல்ல பெயர். வாசலில் நிறுத்தப்பட்டவர் கதவாகவே ஆகிவிட்டார்.

கையெழுத்துப் போட்டவர்களில் கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்ட மக்களும் மிகுதி. வியப்பில்லை. சாதி வழக்கத்தால் லாபம் அடைந்தவன் அதை ஏன் துறப்பான்? இழந்தவன்தான் துறந்தான். துறக்க மறுத்த பெரும்பான்மைக்குத் தலைவராக நின்றவர் சண்முக வேலாயுத முதலியார். எங்கள் சாதி, எங்கள் மதம், எங்கள் வழக்கம் என்பது அவர் கட்சி. மிகத் திறமைசாலி. அவருக்கு வாய்ப்பாக அமைந்தது எது தெரியுமா? வாக்குச்சீட்டு!

ஆம், புதுவைக்கு 1871-லேயே ஆண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது. பாரிசுப் பாராளுமன்றத்துக்குப் பிரெஞ்சிந்தியாவிலிருந்து உறுப்பினர் போனார். ஆங்கிலேயன் ஆண்ட தமிழ்நாட்டில் 1920-இல் நடந்த தேர்தலில்கூட, நிலமும் வரியும் உள்ள சிலருக்குத்தான் வாக்கு. எல்லோருக்கும் வாக்கு என்பது 1951-52 தேர்தலில்தான் அங்கே வந்தது. எண்பதாண்டு முன்னதாகவே நமக்கு வந்துவிட்டது என்று மார்தட்டிக்கொள்ளலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

வாக்கைக் கொடுத்தவன் எண்ணினான். ஆளுக்கு ஒரு வாக்கு என்றால் இலட்சக்கணக்கான தமிழரிடையே சில நூறு வெள்ளையர் என்ன ஆவார்கள்? 1884-இல் மூன்று பட்டியல் போட்டான். ஐரோப்பியர் ஒரு பட்டியல். வழக்கத்தைத் துறந்தவர், ரெனோன்சான் என்பார்களே, அவர்கள் ஒரு பட்டியல். மற்ற எல்லாத் தமிழரும் ஒரு பட்டியல். பட்டியலுக்கு இத்தனை இடம் என்று பங்கு வைத்தான். மாதா கோயிலில் இடிந்த சுவர், ஓட்டுப்பெட்டிக்குள் மறுபடி எழுந்தது. இம்முறை செங்கல் இல்லை, காகிதம். சண்முக முதலியார் தம் பட்டியலின் பலத்தை வெள்ளையரோடு பேரம் பேசப் பயன்படுத்தி, இருபது ஆண்டுகளுக்கு மேல் புதுவை அரசியலைக் கைக்குள் வைத்திருந்தார். சாதியைத் துறந்தவனுக்கு என்ன கிடைத்தது? 1899-இல் மூன்றை இரண்டாக்கினான் பிரெஞ்சுக்காரன். துறந்தவர்களில் பெரும்பாலோரைத் திரும்பவும் இந்தியர் பட்டியலிலேயே தள்ளினான். வழக்கத்தைத் துறந்தாயிற்று, திரும்ப வாங்க முடியாது. வெள்ளையனோடு சேர்க்கவும் மாட்டான். நடுத்தெருவில் நின்றார்கள். இந்தப் பட்டியல் சுவர் 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வரை நின்றது. பெண்களுக்கு வாக்கு வந்ததும் அதையொட்டித்தான். எழுபது ஆண்டுக்கு மேலாக நடந்த அத்தனை தேர்தலிலும், அத்தனை அடிதடியிலும், பெண்ணின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை!

இங்கே அமெரிக்கக் கடலுக்கு மறுபடியும் ஒருமுறை போக வேண்டியிருக்கிறது. இம்முறை நம் ஆட்களைத் தேடி.

பிரெஞ்சுக்காரன் 1848-இல் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தான். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டாமா? புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழரைக் கப்பலேற்றினான். மர்த்தினிக் தீவுக்கு 1853-இலும், குவாதலூப் தீவுக்கு 1854-இலும் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். ஒப்பந்தக் கூலி என்று பெயர். அந்த மக்கள் அங்கே மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள்; மொழி மறந்த பிறகும் மாலியேமேன் என்று அவளைக் கும்பிட்டார்கள். ஆனால் குடியுரிமை? புதுவையில் இருந்தவனுக்கு 1871-இல் வாக்கு. அதே புதுவையில் கப்பலேறியவனின் பிள்ளைக்கு, பிரெஞ்சு மண்ணிலேயே பிறந்திருந்தும், வாக்கு இல்லை. நீ அந்நியன் என்றார்கள். குவாதலூப்பில் 1863-இல் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-இல் இதை எதிர்த்து வழக்கில் இறங்கினார். பத்தொன்பது ஆண்டுகள்! 1923-இல்தான் அந்தத் தமிழ் வழித்தோன்றல்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று ஒப்புக்கொள்ளப்பட்டார்கள். பொன்னுத்தம்பிக்குச் சப்பாத்து என்றால், சிதம்பரத்துக்கு வாக்காளர் பட்டியல். இருவருக்கும் முன்னால் நின்றது ஒரே வாசற்படி.

இந்தப் புதுவைக்குத்தான் 1908-இல் பாரதி வந்தார். "இந்தியா" இதழ் அந்த ஆண்டு அக்டோபர் முதல் இங்கிருந்து வெளிவந்தது. ஆங்கிலேயன் தன் எல்லைக்குள் அதைத் தடுத்ததும் 1910-இல் நின்றது. அச்சு இயந்திரத்துக்குப் பிரெஞ்சுக் கொடி நிழல் கொடுத்தது; படிக்கிறவன் ஆங்கிலக் கொடியின் கீழ் இருந்தான். நிழலின் எல்லை அவ்வளவுதான். அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயர் வந்தார். அரசியல் எழுத முடியாமற் போனவர்கள் வேதமும் தத்துவமும் கவிதையும் எழுதினார்கள். வேறு வழியில்லாமல் வந்த ஓய்வு தமிழுக்குக் குயில் பாட்டைக் கொடுத்தது. கருவடிக்குப்பத்துச் சித்தர் கோயிலைப் பற்றியும் அவர் பாடியிருக்கிறார். அந்தச் சித்தானந்த சாமி சமாதியானது 1837-இல். பாரதி போனபோது அது எளிய சமாதிக் கோயில்.

ஆனால் இந்தப் பகுதியில் நாம் நிறுத்திப் பார்க்க வேண்டியது 1913-இல் நடந்தது. கனகலிங்கம் என்ற தாழ்த்தப்பட்ட இளைஞருக்குப் பாரதி பூணூல் போட்டு, காயத்திரி மந்திரம் சொல்லிக்கொடுத்தார். தாம் பூணூல் அணிவதை விட்டிருந்தவர், இன்னொருவருக்கு அணிவித்தார்! பார்ப்பனர் நெருப்பைத் தொட்டதுபோலத் துடித்தார்கள். நம் இயக்கத்துத் தோழர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எல்லோருக்கும் நூல் மாட்டுவதா, எல்லோரிடமிருந்தும் நூலைக் கழற்றுவதா, எது சமத்துவம் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அடுத்த அரை நூற்றாண்டு தமிழ்நாடு அதைத்தான் கேட்டது. நூல் வேண்டாம் என்பதே என் கட்சியும். ஆனாலும் 1913-இல், புதுவைத் தெருவில், மார்பில் நூலோடு நடந்துபோன கனகலிங்கத்தை நினைத்துப் பாருங்கள். நூலுக்கு ஏதோ மகிமை இருக்கிறது, அது பிறப்பால் மட்டுமே வரும் என்றவன் வாயை அந்த மூன்று இழை அடைத்ததா இல்லையா? கனகலிங்கம் பிற்காலத்தில் தம் குருநாதரைப் பற்றி நூல் எழுதினார். குருவைப் பற்றிச் சீடன் எழுதிய நூல்கள் ஏராளம். இப்படிப்பட்ட சீடன் எழுதியது எத்தனை?

பாரதியின் அருகிருந்து கற்ற கனகசுப்புரத்தினம், 1909 முதல் பிரெஞ்சு அரசுப் பள்ளி ஆசிரியர். பக்திப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தவர். 1920-களின் இறுதியில் சுயமரியாதை இயக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. குருநாதர் நூலைப் போட்ட இடத்தில் மாணவர் கத்தரிக்கோலை வைத்தார். 1930-இல் "புதுவை முரசு" ஒலிக்கத் தொடங்கியது. கோயிலையும் சாடியது, மாதா கோயிலையும் சாடியது. புதுவையில் இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அதிகாரியின் மனைவி ஞாயிற்றுக்கிழமை போவது அங்கே! அரசு ஊழியர் ஒருவர், அரசின் சம்பளத்தை வாங்கிக்கொண்டே, 1946 வரை வகுப்பறையில் நின்றுகொண்டே, பாரதிதாசன் என்ற பெயரில் இதையெல்லாம் எழுதினார். பிற்காலத்தில் தாம் நடத்திய இதழுக்கு அவர் வைத்த பெயர் "குயில்". கருவடிக்குப்பத்துத் தோப்பிலிருந்து பறந்து வந்த குயில்தான் அது, கூவல் மட்டும் வேறு.

மதத்தின் வாசல், நீதிமன்றத்தின் வாசல், ஓட்டுச்சாவடியின் வாசல் என்று பார்த்துக்கொண்டே வந்தோம். ஒன்று மீதம். அதுதான் பெரிய வாசல். சங்கு ஊதினால் திறப்பது, சங்கு ஊதினால் மூடுவது.

சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள். பிறகு சுதேசி, ஏ.எப்.டி., பாரதி என்ற பெயர்களில் நம் தலைமுறைக்குத் தெரிந்தவை. இன்று மூன்றும் ஓடவில்லை. அன்று ஓடின, ஆளை ஓட்டின. பறையனும் வன்னியனும் கிறிஸ்தவனும் முசுலிமும் ஒரே தறிக் கூடத்தில் நின்றார்கள். மாதா கோயில் செய்யாததை, பாராளுமன்றம் செய்யாததை, பஞ்சுத் தூசி செய்தது: எல்லோர் நுரையீரலிலும் சாதி பார்க்காமல் இறங்கியது. சமத்துவத்தை முதலாளி இப்படித்தான் கொண்டுவருவான்!

1934-ஆம் ஆண்டு சுப்பையா "சுதந்திரம்" இதழைத் தொடங்கினார். தொழிலாளர் சங்கமாகத் திரண்டார்கள். வேலை நேரத்தைக் குறை, கூலியை உயர்த்து, சங்கத்தை ஒப்புக்கொள் என்றார்கள். சங்கம் வைக்கும் உரிமை பிரான்சில் இருந்தது, புதுவையில் இல்லை. ஒரே கொடி, ஒரே சட்டப் புத்தகம், இரண்டு விதப் படிப்பு! பொன்னுத்தம்பியின் சப்பாத்து நினைவுக்கு வருகிறதா?

இப்போது இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1936 ஜூன் மாதம் பாரிசில் லெயோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு. பிரெஞ்சுத் தொழிலாளர் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பேச்சு நடந்தது. கூலி உயர்வு, சங்க உரிமை, வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் கிடைத்தன. அடுத்த மாதம், ஜூலை 30, புதுவை. சவானா ஆலைத் தொழிலாளரும் உள்ளே உட்கார்ந்துதான் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே அரசு. அதே கோரிக்கை. பேச்சுக்குப் பதில் துப்பாக்கி. பன்னிரண்டு பேர் செத்தார்கள்.

சோசலிஸ்டு ஆட்சியில் சோசலிஸ்டுக் கோரிக்கைக்குச் சூடு! பாரிசில் உட்காருவது உரிமை, புதுவையில் உட்காருவது கலகம். துய்ப்ளேக்சு முதல் புளூம் வரை எத்தனை ஆட்சி மாறியது! மாதா கோயிலில் நின்ற சுவர் அந்த ஆலை வாசலிலும் நின்றது. அதில் பன்னிரண்டு பேரின் இரத்தம் தெறித்த பிறகுதான் பாரிசுக்கு அது கண்ணில் பட்டது.

1937-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் ஆணை வந்தது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை. சங்கம் வைக்கும் உரிமை. சூடு பட்டு எட்டு மாதத்துக்குப் பிறகு. ஆண்டுதோறும் ஜூலை 30-இல் புதுவைத் தொழிலாளர் தியாகிகளுக்கு மாலை போடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போகிற இளைஞர்கள் தேதிகளை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். பாரிசு கொடுத்தது என்று எவனாவது சொன்னால், நடுவே உள்ள மாதங்களை எண்ணிக் காட்டலாம்.

கருவடிக்குப்பத்திலிருந்து வடக்கே நடந்தால் சிறிது தூரத்தில் கோட்டக்குப்பம். அன்று அது ஆங்கில எல்லை. அந்தப் பக்கத்து ஆலைகளில் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு ஐம்பத்து நாலு. அங்கே வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று குறைய, 1946-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைத் திருத்தச் சட்டம் வர வேண்டியிருந்தது. இடையில் ஒன்பது ஆண்டுகள். அதே தமிழன், அதே தறி, சாவடியைத் தாண்டினால் இரண்டு மணி நேரம் கூடுதல்.